அணு உலைக்கு ‘ஓகே’ சொல்வது யார்? உரிமம் கிடைக்கும் முன் என்னென்ன பார்க்கிறார்கள்?

வீடு கட்டியவர்களுக்கு இது நல்லாவே தெரியும். முதலில் திட்ட அனுமதி. கொஞ்சம் பெரிய கட்டடம் என்றால், கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்று. அது கையில் இல்லாமல் மின் இணைப்புகூடக் கிடைக்காது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கே இப்படின்னா, 1,000 மெகாவாட் அணு உலைக்கு எத்தனை கையெழுத்து வேண்டும்? அதை யார் போடுகிறார்கள்?

“கூடங்குளத்துக்கு அனுமதி” என்ற செய்தி உங்கள் போனில் பல முறை வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் ‘அதான் போன வருஷமே கொடுத்துட்டாங்களே’ என்று தோன்றியிருக்கும். தோன்றுவது இயல்புதான். ஏன் என்றால், அணு உலைக்கு ‘அனுமதி’ என்று ஒரே ஒரு தாள் கிடையாது. இடத்துக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று, எரிபொருள் போட ஒன்று, உலையை உயிர்ப்பிக்க ஒன்று, உற்பத்தியைப் படிப்படியாக ஏற்ற ஒவ்வொன்று. இயக்க உரிமம் வருவது இதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான். முந்தைய படியில் பாஸ் ஆனதால் அடுத்த படியில் தானாகப் பாஸ் ஆகிவிட முடியாது. எந்தப் படியிலும் ‘நில்லு’ என்று சொல்ல இடம் இருக்கிறது. அப்படிச் சொல்லியும் இருக்கிறார்கள், அதுவும் நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில்.

யார் இந்தப் பரிசோதகர்?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சுருக்கமாக ஏஇஆர்பி. 1983 நவம்பர் 15-ல் அமைக்கப்பட்டது, தலைமையகம் மும்பையில். கல்பாக்கத்தில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. கூடங்குளம் உலைகளைக் கட்டி நடத்துவது இந்திய அணுமின் கழகம்; அது விண்ணப்பதாரர். வாரியம்தான் பரிசோதகர். இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது, அதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சுற்றுச்சூழல் அனுமதிக்கானது. அந்த அனுமதியைத் தருவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். கடலில் விடும் நீரின் வெப்பம், மீன்வளம், காற்று, நிலம் போன்றவை அங்கே பேச வேண்டியவை. உலைக்குள் குழாய் உடைந்தால் என்ன ஆகும், சுனாமி வந்தால் டீசல் ஜெனரேட்டர் நனையுமா என்பதைப் பார்ப்பது ஏஇஆர்பி. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதற்கு மாற்று இல்லை. உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதையும் நினைவில் வச்சுக்கோங்க.

முதல் கேள்வி: இந்த இடம் சரியா?

இடத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிறார்கள். இந்த இடம் உலையை என்ன செய்யக்கூடும்? இந்த உலை இடத்தை என்ன செய்யக்கூடும்? முதல் கேள்வியில் நிலநடுக்கம், வெள்ளம், புயல், சுனாமி, பக்கத்தில் விமானத்தளமோ வெடிபொருள் கிடங்கோ இருக்கிறதா என்பது வரை வரும். 5 கிலோமீட்டருக்குள் நகரக்கூடிய நிலப்பிளவு இருந்தால் அந்த இடம் அத்துடன் நிராகரிக்கப்பட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. இரண்டாவது கேள்வியில் மக்கள்தொகை, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அவசரத்தில் மக்கள் வெளியேறச் சாலை இருக்கிறதா என்பதெல்லாம்.

கூடங்குளத்தில் கடல் எவ்வளவு உயரம் வரை ஏறலாம் என்று கணக்கிட்டபோது வந்த எண் 5.44 மீட்டர். அதற்கு மேலும் 2 மீட்டர் கூட்டி, பாதுகாப்பான தரைமட்டத்தை நிர்ணயித்தார்கள். அவசர டீசல் ஜெனரேட்டர்கள் அதைவிடவும் உயரத்தில் இருக்கின்றன. இந்த ‘கூட்டிக்கொள்ளும்’ பழக்கம்தான் பாதுகாப்பு ஆய்வு முழுவதும் ஓடும் சரடு. கணக்கு சொல்வதோடு நிற்காமல், கணக்கே கொஞ்சம் தப்பாக இருந்தால் என்ன என்றும் கேட்பது.

உலையைச் சுற்றி மூன்று வட்டங்களும் உண்டு. கூடங்குளத்தில் முதல் 1.5 கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. 5 கிலோமீட்டர் வரை ஊர்கள் இயல்பாக வளரலாம், ஆனால் மக்கள்தொகையைத் திடீரென்று பெருக்கும் பெரிய திட்டங்களுக்குக் கட்டுப்பாடு. 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டத்துக்குள் வரும் பகுதி. உங்கள் வீடு அந்த 16 கிலோமீட்டருக்குள் இருந்தால், இந்தக் கட்டுரையின் பிற்பகுதியை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிங்க.

காகிதத்தில் உலையை உடைத்துப் பார்ப்பது

இடம் சரி என்றதும் கட்டுமான அனுமதிக்கான வேலை. விண்ணப்பதாரர் ‘முதல்நிலைப் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கை’ என்று ஒன்றைத் தர வேண்டும். பல தொகுதிகளாக வரும் இந்த அறிக்கையில் ஒவ்வொரு கருவி, குழாய், வால்வு பழுதானாலும் உலை எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதியிருக்க வேண்டும். வடிவமைப்புப் பாதுகாப்புக் குழு ஒன்றும், கட்டடப் பொறியியல் குழு ஒன்றும் இதை வரி வரியாகக் கேள்வி கேட்கும். அவர்கள் முடித்ததும் திட்டப் பாதுகாப்பு ஆய்வுக்கான ஆலோசனைக் குழு மறுபடி பார்க்கும். அதன் பிறகே வாரியம். வாரியத்தின் சொந்த நிபுணர்கள் சில கணக்குகளைத் தனியாகவே போட்டுப் பார்ப்பார்கள். விண்ணப்பதாரர் தந்த விடையை அப்படியே ஏற்பதில்லை. பாடப் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்க்காமல் கணக்கைப் போடுவது மாதிரி என்று வச்சுக்கலாம்.

இந்தக் கேள்விகளில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், என் பார்வையில் இதுதான்: எல்லா மின்சாரமும் போனால் என்ன ஆகும்?

மின்சாரம் தயாரிக்கும் இடத்தில் மின்சாரம் போவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? அணு உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொதிக்கிறதே, அது போலத்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். தோசைக்கல் தானே ஆறிவிடும். எரிபொருளில் உண்டாகியிருக்கும் கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் உலையின் சூடு புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதம். கூடங்குளம் உலை ஒன்றின் வெப்பத் திறன் 3,000 மெகாவாட். அப்படியென்றால் ‘ஆஃப்’ செய்த பிறகும் சுமார் 200 மெகாவாட் வெப்பம்! ஒரு மணி நேரத்தில் இது ஒன்றரை சதவீதம் அளவுக்கு இறங்கும், ஒரு நாளில் அரை சதவீதம் அளவுக்கு. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றுவிட்டன. வெளி மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின. அதுவரை எல்லாம் திட்டப்படி. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி, தாழ்வான தளங்களில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. தண்ணீர் ஓட வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. அங்கே கடல் சுமார் 14 மீட்டர் ஏறியது. ஆய்வு செய்தவர்கள் எதிர்பார்த்திருந்தது 5.7 மீட்டர். உரிமம் கொடுக்கும் முன் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கான விடை போதுமானதாக இல்லை. அதன் விலை என்ன என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்ம கடற்கரைக்கும் இதில் ஒரு அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கல்பாக்கத்தில் ஒரு உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கக் கசிவு இல்லை. ஆனால் உடனே மறுபடி ஸ்விட்ச் போட்டுவிடவில்லை. ஆய்வு செய்து, வாரியம் சரி என்ற பிறகுதான் அடுத்த வாரம் மீண்டும் இயக்கினார்கள்.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, கட்டி முடியும் நிலையில் இருந்த கூடங்குளத்தையும் வாரியம் அமைத்த குழு மறுபடி பார்த்து 17 பரிந்துரைகளைத் தந்தது. கூடங்குளத்தின் ரஷ்ய வடிவமைப்பில் மின்சாரமே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு: நீராவி தானாக மேலே போய், கட்டடத்தின் வெளிப்புறத்தில் உள்ள குளிர்விப்பான்களில் காற்று பட்டுக் குளிர்ந்து, நீராகத் தானாகவே கீழே இறங்கும். பம்பு தேவையில்லை. எரிபொருள் உருகினால்கூட அதைப் பிடித்து வைக்க அடியில் ஒரு கலன் இருக்கிறது. இவை இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டினால் போதாது. வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அது அடுத்த கட்டம்.

நான்கு வால்வுகள்

புது குக்கர் வாங்கினால் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி, விசில் வருதா, கேஸ்கெட் கசியுதா என்று பார்ப்போம் இல்லையா? அணு உலையிலும் அதே கதைதான். கூடங்குளம் முதல் உலையில் 163 எரிபொருள் கட்டுகள் இருக்க வேண்டும். 2011-ல் முதலில் போட்டது போலிக் கட்டுகளை: அதே வடிவம், ஆனால் உள்ளே யுரேனியம் இல்லை. பம்புகள் ஓடும்போது உண்டாகும் சூட்டை வைத்தே நீரை இயங்கும் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் கொண்டுபோய், எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்தார்கள்.

2012 ஜூனில் கூடங்குளம் அருகே நக்கனேரி கிராமத்தில் அவசரகால ஒத்திகை நடந்தது. எரிபொருள் போடும் முன் இதைச் செய்து காட்டியாக வேண்டும். 2012 ஆகஸ்டில் எரிபொருள் நிரப்ப வாரியம் அனுமதித்தது. செப்டம்பரில் உண்மையான யுரேனியம் உள்ளே போனது. அந்த மாதங்களில் அந்தக் கடற்கரையில் நடந்த போராட்டங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இதோ ஓரிரு மாதத்தில் மின்சாரம் வந்துவிடும் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. வரவில்லை.

காரணம், எரிபொருள் போட்ட பிறகும் சோதனை முடிந்துவிடவில்லை. 2013 ஏப்ரலில் வாரியம் ஒரு விஷயத்தை வெளியில் சொன்னது. ஆயிரக்கணக்கான வால்வுகளைச் சோதித்ததில், ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த 4 வால்வுகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. அவற்றை மாற்றிச் சரிசெய்து, திரும்பச் சோதித்து, முடிவைக் காட்டாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. ஆயிரக்கணக்கில் நான்குதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆபத்து வரும் நாளில் எந்த வால்வு திறக்க வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதே வருடம் மே 6-ல் உச்ச நீதிமன்றம் கூடங்குளம் வழக்கில் தீர்ப்பு சொன்னது. உலையைத் தடை செய்யவில்லை. ஆனால் 15 கட்டளைகள் இட்டது. கருவிகளின் தரத்தை உறுதிப்படுத்தி வாரியம் இறுதி ஒப்புதல் தராமல் உலையை இயக்கக் கூடாது, வாரியத்தின் 17 பரிந்துரைகளை நிறைவேற்ற வேண்டும், ஒத்திகைகளை நடத்த வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம்.

2013 ஜூலை 4-ல் அடுத்த அனுமதி கிடைத்தது. ஜூலை 13 இரவு உலை முதன்முறையாக ‘கிரிட்டிகல்’ ஆனது. இந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் சொல்லும் ‘கிரிட்டிகல்’ வேறு. இங்கே அதன் பொருள், அணுப்பிளவுத் தொடர்வினை தன்னைத்தானே சீராக நடத்திக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே. அதாவது அடுப்பு பற்றிக்கொண்டது. அப்போது உலையின் திறன் மிக மிகக் குறைவு.

பற்றிய பிறகும் ஒரேயடியாகத் தீயைக் கூட்ட விடுவதில்லை. 50 சதவீதம், 75, 90, 100 என்று ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, சோதித்து, அறிக்கை கொடுத்து, அனுமதி வாங்கி மேலே போக வேண்டும். 2013 அக்டோபர் 22-ல் மின்தொகுப்பில் இணைந்த உலை, முழுத் திறனைத் தொட்டது 2014 ஜூன் 7-ல். வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பர் 31-ல். முதல் கான்கிரீட் போட்டது 2002 மார்ச் 31-ல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். இந்தத் தாமதத்தில் எல்லாமே பரிசோதனையால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கு வால்வுகளுக்காக ஆன நாட்களை வீண் என்று சொல்ல மாட்டேன்.

உரிமம் வாங்கிய பிறகு?

ஓட்டுநர் உரிமம் போலவே இதுவும் காலாவதியாகும். இயக்க உரிமம் பொதுவாக 5 ஆண்டுகளுக்குத்தான். பத்து ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பாதுகாப்பு ஆய்வு உண்டு. அதில் பழைய உலையை இன்றைய தரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் இயக்குநர்களுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். அதில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. நிலையத்துக்கு வெளியே வாழும் நமக்கு அதன் இயக்கத்தால் சேரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. அங்கே வேலை செய்பவர்களுக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பரிசோதகர் உண்மையிலேயே தனித்து நிற்கிறாரா? இது புதிய சந்தேகமும் இல்லை. வாரியம் அரசாணையால் அமைந்தது. அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. 2012-ல் மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. 2015-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக்குழுவும், வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. அதே சட்டம் அணுமின் துறையில் தனியாருக்கும் வழி திறக்கிறது. விண்ணப்பதாரர்கள் கூடும்போது பரிசோதகரின் முதுகெலும்பு இன்னும் உறுதியாக இருக்க வேண்டியிருக்கும்.

போனை வைத்து நீங்க என்ன செய்யலாம்?

ஏஇஆர்பியின் இணையதளத்தில் ஆண்டறிக்கைகளும், எந்த நிலையத்துக்கு எந்தக் கட்ட அனுமதி தரப்பட்டது என்ற செய்திக்குறிப்புகளும், பாதுகாப்பு விதித்தொகுப்புகளும் கிடைக்கும். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் “கூடங்குளத்துக்கு அனுமதி” என்று வந்தால், எந்தப் படி என்று அங்கே பாருங்க. அங்கே இப்போது ஆறு உலைகள் வெவ்வேறு கட்டங்களில் இருக்கின்றன. இரண்டு மின்சாரம் தருகின்றன. மூன்றாவதுக்கு 2017-லும் ஐந்தாவதுக்கு 2021-லும் முதல் கான்கிரீட் போடப்பட்டது. ஒன்றுக்கான செய்தியை இன்னொன்றோடு குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம்.

தளத்தில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வாரியம், அணுமின் கழகம் இரண்டுமே மத்திய அரசின் கீழ் வருவதால் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத் தளத்தில் போட்டால் சேராது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீங்க. எந்த உலை, எந்த அறிக்கை, எந்த ஆண்டு என்று குறிப்பாகக் கேளுங்க. எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வணிக ரகசியம், பாதுகாப்புக் காரணம் என்று சிலவற்றை மறுக்கலாம். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 2012-ல் கூடங்குளத்தின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை வெளியிட வேண்டும் என்று மத்திய தகவல் ஆணையமே உத்தரவிட்டு, பிறகு அது நீதிமன்றம் வரை போனது.

இதே வாரியம்தான் உங்கள் ஊர் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் மையங்களுக்கும் உரிமம் தருகிறது. ஈலோரா என்ற இணைய முறையில் அந்த மையம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை ஸ்கேன் எடுக்கப் போனால் ‘ஏஇஆர்பி உரிமம் இருக்கா?’ என்று தயங்காமல் கேளுங்க.

கடைசியாக, அந்த 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு. நிலையத்துக்கு வெளியே அவசரநிலை வந்தால் பொறுப்பேற்று நடத்துவது மாவட்ட ஆட்சியர். அந்த ஒத்திகை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டும். சொல்லப்படும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஓடுவது இல்லை. வீட்டுக்குள் போய் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு, திறந்து வைத்த தண்ணீரையும் உணவையும் தொடாமல், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பது. அயோடின் மாத்திரை தந்தால் அவர்கள் சொல்லும்போது மட்டும் சாப்பிட வேண்டும், நாமே முந்திக்கொள்ளக் கூடாது. வெளியேறச் சொன்னால் எந்த இடத்தில் கூட வேண்டும், பேருந்து எங்கே நிற்கும் என்பது உங்கள் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஒத்திகை எப்போது, உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டு வச்சுக்கோங்க.